ஒரே துப்பாக்கியில் மயக்கமும் மரணமும்: கதிர் ஆயுதங்களின் 'ஸ்டன்' நிலை எப்படி இயங்க முடியும்?

கேள்வி இது: அறிவியல் புனைகதைகளில் வரும் கதிர்த் துப்பாக்கியை 'ஸ்டன்' நிலையில் வைத்துச் சுட்டால் ஆள் மயங்கி விழுகிறார். குமிழைத் திருகினால் அதே துப்பாக்கி கொல்கிறது, இன்னும் திருகினால் ஆளை ஆவியாக்குகிறது. இயற்பியலுக்கும் உடலியலுக்கும் இது ஒத்துவருமா? இப்படி ஓர் ஆயுதத்தைக் கதையில் எழுதுவதானால் எதையெல்லாம் முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும்?

இரண்டு வேலையையும் செய்யும் ஒரு துப்பாக்கியை நம்பும்படி எழுத முடியும். ஆனால் கொல்லும் கதிரைக் குறைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மயக்கம் வரும் என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. அந்தக் கதிரைக் குறைத்தால் கிடைப்பது தீப்புண். இன்னும் குறைத்தால் வலி, அதற்கும் கீழே வெறும் வெதுவெதுப்பு. அந்த வரிசையில் மயக்கம் என்ற படி எங்குமே இல்லை. மயக்குவதற்கு வேறு வழிமுறை வேண்டும். உடலின் வேறு பாகத்தைத் தொட வேண்டும், பெரும்பாலும் வேறு கருவியே வேண்டும். இதை ஒத்துக்கொண்டு எழுதத் தொடங்கினால் மற்ற விவரங்களெல்லாம் தானாக இடம்பிடிக்கும்.

முதலில் ஆற்றல் கணக்கைப் பார்ப்போம். 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் ஏறத்தாழ 42 கிலோ தண்ணீர். அதை 37 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்கி முழுக்க ஆவியாக்க, கிலோவுக்குச் சுமார் 2.5 மெகாஜூல் வேண்டும். தண்ணீருக்கு மட்டுமே 100 மெகாஜூலைத் தாண்டுகிறது, அதாவது சுமார் 25 கிலோ டிஎன்டி வெடிமருந்தின் ஆற்றல். எலும்பும் மற்றவையும் தனிக்கணக்கு. மறுபக்கம், இன்று காவல்துறைகள் கையில் வைத்திருக்கும், கம்பி கட்டிய இரண்டு ஊசிகளை எய்து மின்னதிர்வு கொடுக்கும் டேசர் ஒருமுறை இயங்கும் 5 நொடியில் உடலுக்குள் செலுத்தும் மொத்த ஆற்றல் 10 ஜூலுக்குள் அடங்கிவிடும். ஒரே குமிழில் இந்த இரண்டும் இருந்தால், மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் இடையே ஒரு கோடி மடங்கு வித்தியாசம்.

ஒரு கோடியில் ஒரு பங்கை மட்டும் துல்லியமாக வெளியேவிடும் கட்டுப்பாடு என்பது, பெரிய அணையின் மதகை அசைத்து ஒரே ஒரு சொட்டைக் கீழே விடுவதைப் போன்ற வேலை. மதகு மயிரிழை கூடுதலாகத் திறந்தாலும் கீழே நிற்பவர் அடித்துச் செல்லப்படுவார். முழுத் திறனில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு கசிந்தாலே 100 ஜூல். மயக்க அளவைப் போல அது பத்து மடங்கு. பழைய, சரியாகப் பராமரிக்காத, ஒருமுறை கீழே விழுந்து அடிபட்ட துப்பாக்கி என்றால் அந்தக் கசிவு எவ்வளவு இருக்கும் என்று எந்தப் பாத்திரத்துக்கும் தெரியாது. கதையில் இது வீணாகக் கூடாத இடம்.

ஆவியாக்கும் நிலையைப் பற்றி இன்னொன்று. 42 கிலோ தண்ணீர் நீராவியானால் அது பிடிக்கும் இடம் சுமார் 70 கன மீட்டர். ஐந்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரமுள்ள ஓர் அறையின் கொள்ளளவு 75 கன மீட்டர்தான். அறைக்குள் ஒருவரை ஆவியாக்கினால், சுட்டவர் உட்பட அங்கிருக்கும் எல்லோரும் வெந்துபோவார்கள். எதிரி ஒளிர்ந்து சத்தமில்லாமல் மறைவதுபோல எழுத வேண்டுமானால் அந்த ஆற்றலும் பொருளும் எங்கே போயின என்பதற்குக் கதையின் உலகத்திலேயே ஒரு விளக்கம் தேவை. இந்தப் பதிலின் மையம் மயக்கம்தான் என்பதால் இதை இங்கேயே விடுகிறேன்.

ஒரு மனிதரைக் கொல்லாமல் நிறுத்த நான்கு வழிகள் உண்டு. தாங்க முடியாத வலி கொடுத்து விலகவைப்பது. கண்ணையோ காதையோ நிலைகுலைப்பது. தசைகளைக் கட்டுப்பாடு இழக்கச் செய்வது. நினைவை இழக்கச் செய்வது. கதைகளில் எல்லாவற்றையும் 'ஸ்டன்' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டுவிடுகிறார்கள். ஆனால் நான்கின் விளைவும் வேறு, பிசகும் இடமும் வேறு.

வலி வழி ஏற்கெனவே உண்மையாகியிருக்கிறது. அமெரிக்க ராணுவத்தின் 'ஆக்டிவ் டினையல் சிஸ்டம்' 95 ஜிகாஹெர்ட்ஸ் மில்லிமீட்டர் அலையை 100 கிலோவாட் அளவில் வீசுகிறது. அந்த அலை தோலுக்குள் அரை மில்லிமீட்டர்கூடப் போவதில்லை, சுமார் 0.4 மில்லிமீட்டரோடு நின்றுவிடுகிறது. தோலின் வெப்பம் 44, 45 டிகிரியைத் தொடும்போது வலி நரம்புகள் அலற, ஆள் அனிச்சையாக விலகி ஓடுகிறார். 2010-ல் ஆப்கானிஸ்தானுக்குக் கொண்டுபோய், பயன்படுத்தாமலேயே திருப்பி அனுப்பினார்கள். 2007-ல் நடந்த ஒரு சோதனையில் அளவு மீறிப்போய் ஒருவருக்குக் கால்களில் இரண்டாம் நிலைத் தீப்புண் ஏற்பட்டது. வலிக்கும் புண்ணுக்கும் நடுவே இருப்பது சில டிகிரியும் சில நொடிகளும்தான். கொல்லும் வெப்பக் கதிரை 'குறைத்து' வைத்தால் நாம் வந்துசேரும் இடம் இதுதான். இதில் விலகி ஓட வழியுள்ளவருக்கு ஆபத்து குறைவு. கூட்டத்தில் சிக்கியவர், கட்டிப்போடப்பட்டவர், சக்கர நாற்காலியில் இருப்பவர் ஆகியோருக்கு அது சித்திரவதைக் கருவி. வலி ஆயுதத்தை எழுதும்போது எதிராளியால் நகர முடியுமா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

புலன் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கண்ணைக் கூசவைக்கும் லேசர்கள் இன்று உண்டு. நிரந்தரமாகக் குருடாக்குவதற்கென்றே செய்யப்படும் லேசர்களை 1995-ல் உருவான ஒரு சர்வதேச நெறிமுறை தடை செய்கிறது. அது 1998-ல் நடைமுறைக்கு வந்தது. தற்காலிகக் கூச்சத்துக்கும் நிரந்தரக் குருட்டுக்கும் இடையே இருப்பது தூரமும் நேரமும். 200 மீட்டரில் கூசவைக்கும் அதே ஒளி 5 மீட்டரில் விழித்திரையைச் சுட்டுவிடலாம்.

மூன்றாவதான தசை வழிதான் புனைகதை எழுதுபவருக்கு அதிகம் கைகொடுக்கும். இதை நுணுக்கமாகப் பார்ப்பது நல்லது. டேசரே ஒரு புனைகதையிலிருந்து பெயர் பெற்ற கருவி. 1911-ல் வந்த ஒரு சிறுவர் சாகச நாவலில் டாம் ஸ்விஃப்ட் என்ற இளைஞன் ஒரு மின் துப்பாக்கி செய்வான். 1970-களில் இந்தக் கருவியை உருவாக்கிய ஜாக் கவர் அந்த நினைவிலேயே பெயர் வைத்தார்.

டேசரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் 50,000 வோல்ட் என்பார்கள். அது காற்று இடைவெளியையும் துணியையும் தாண்டுவதற்கான மின்னழுத்தம். எக்ஸ்26 என்ற, பரவலாகப் பயன்பட்ட மாடலில் உடலுக்குக் குறுக்கே விழும் உச்ச மின்னழுத்தம் 1,200 வோல்ட் அளவுதான். ஒவ்வொரு மின்துடிப்பும் ஏறத்தாழ 0.1 மில்லிவினாடி நீளம், நொடிக்கு 19 துடிப்புகள். இதில் உயிரைக் காப்பது அந்த 0.1 மில்லிவினாடி என்ற நீளம். தசையை இயக்கும் நரம்புகள் அவ்வளவு குறுகிய தூண்டலுக்கே எழுந்துவிடும். இதயத் தசை மந்தமானது, அதை எழுப்ப அதே வலிமையில் பல மடங்கு நீண்ட துடிப்பு வேண்டும். அதனால் நரம்பு அதிர்ந்து தசைகள் இறுகிக்கொள்கின்றன, இதயம் பெரும்பாலும் தன் தாளத்திலேயே போகிறது. துடிப்பின் நீளத்தை 0.1-லிருந்து சில மில்லிவினாடிகளுக்கு நீட்டினால் அந்தப் பாதுகாப்பு கரைந்துவிடும். இதயம் ரத்தத்தைத் தள்ளாமல் வெறுமனே நடுங்கும் நிலைக்குப் போகலாம், சில நிமிடங்களில் மரணம்.

கவனியுங்கள், இங்கே 'கொல்' நிலைக்குப் போக ஆற்றலைக் கோடி மடங்கு ஏற்ற வேண்டியிருக்கவில்லை. துடிப்பின் வடிவத்தை மாற்றினாலே போதும். ஒரே துப்பாக்கியில் இரண்டு நிலை என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நேர்மையான விளக்கம் இதுதான். மின்சாரத்தைக் கொண்டுசேர்க்கும் வழி ஒன்று, மேலே ஏற்றும் அலைவடிவம் வேறு வேறு.

இதே உண்மையை இன்னும் கூர்மையாகக் காட்டும் இடம் இறைச்சிக்கூடம். வெட்டுவதற்கு முன் விலங்கை நினைவிழக்கச் செய்ய மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1099/2009 என்ற விதி, தலையில் மட்டும் மின்வாயை வைக்கும் முறைக்குச் செம்மறியாட்டுக்குக் குறைந்தது 1 ஆம்பியரும் பன்றிக்கு 1.3 ஆம்பியரும் கேட்கிறது. தலையின் இரு பக்கமும் வைத்தால் விலங்கு நினைவிழக்கும், விட்டுவிட்டால் சிறிது நேரத்தில் எழுந்துவிடும். ஒரு மின்வாயைத் தலையிலும் இன்னொன்றை முதுகிலும் வைத்தால் மின்னோட்டம் இதயத்தின் வழியே போகிறது, விலங்கு எழுவதில்லை. மயக்கத்தையும் மரணத்தையும் பிரிப்பது மின்சாரம் செல்லும் பாதை. உங்கள் துப்பாக்கியின் கதிர் உடலில் எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று எழுதினாலே, அளவைப் பற்றிப் பேசாமல் ஆபத்தைக் காட்டிவிடலாம்.

கம்பியில்லாமல் இந்த மின்சாரத்தை எப்படி அனுப்புவது? காற்று சாதாரணமாக மீட்டருக்குச் சுமார் 30 லட்சம் வோல்ட் கொடுத்தால்தான் உடைந்து மின்சாரத்தைக் கடத்தும். 10 மீட்டருக்கு மூன்று கோடி வோல்ட். கைத்துப்பாக்கியில் இது ஆகாது. ஆகவே முதலில் ஒரு புற ஊதா லேசரைப் பாய்ச்சிக் காற்றை அயனியாக்கி ஒரு பாதை போட வேண்டும், அந்தப் பாதை கலைவதற்குள் மின்துடிப்பை அனுப்ப வேண்டும். எலக்ட்ரோலேசர் என்ற இந்த யோசனை ஆய்வகங்களில் முயன்று பார்க்கப்பட்டதுதான். மின்சுற்று முழுமையாக ஒரு பாதை போதாது, போக ஒன்றும் திரும்ப ஒன்றும் வேண்டும். எனவே இரட்டைக் கதிர். மழை, மூடுபனி, புகை எல்லாம் இதற்கு எதிரி. கதையில் ஒரு தீ விபத்தை வைத்துவிட்டால் ஸ்டன் துப்பாக்கிகள் எல்லாம் ஒரேயடியாகச் செத்துப்போகும். அதற்குத் தனியாக எந்தக் காரணமும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

இரண்டு கதிரும் உடலைத் தொடும் இடங்களுக்கு இடைவெளி முக்கியம். டேசரின் இரு ஊசிகளில் ஒன்று நேராகவும் மற்றது சுமார் 8 டிகிரி சாய்ந்தும் போகும் மாடல்களில், ஒரு மீட்டருக்கு 14 சென்டிமீட்டர் வீதம் அவை விலகுகின்றன. தசைகள் சரியாக இறுக வேண்டுமானால் 30 சென்டிமீட்டராவது விலகியிருக்க வேண்டும். அப்படியானால் இரண்டு மீட்டருக்கும் குறைவான தூரத்தில் சுட்டால் இரண்டு ஊசியும் பக்கத்துப் பக்கத்தில் குத்தி, வலி மட்டும் வரும், ஆள் விழமாட்டார். தூரத்தில் சுட்டால் ஓர் ஊசி தவறிப்போகும், சுற்று முழுமையாகாது. தொளதொளப்பான தடித்த கோட்டில் சிக்கினாலும் இதே கதிதான். ஆக, தசை வழியில் 'மிக அருகில்' என்பது பலவீனமான இடம்.

ஆனால் கூம்பு வடிவில் விரியும் கதிர் என்றால் கணக்கு தலைகீழ். 10 டிகிரி விரியும் ஒரு கதிர் 2 மீட்டரில் 35 சென்டிமீட்டர் அகலமும் 20 மீட்டரில் மூன்றரை மீட்டர் அகலமும் கொண்டிருக்கும். பரப்பு நூறு மடங்கு கூடுவதால் ஒரு சதுர சென்டிமீட்டரில் விழும் ஆற்றல் நூறில் ஒன்றாகிறது. 20 மீட்டரில் ஆளை மயக்கும்படி அளவு வைத்த துப்பாக்கி 2 மீட்டரில் அதைப்போல நூறு மடங்கு கொடுக்கும். 1991-ல் வந்த ஆறாவது ஸ்டார் ட்ரெக் படத்தில், ஸ்டன் நிலையில் வைத்த ஃபேஸர் என்ற கதிர்த் துப்பாக்கியால் மிக அருகிலிருந்து சுட்டு இருவரைக் கொன்றிருப்பார்கள். அந்த நுணுக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். கூம்புக் கதிரின் வடிவியலிலிருந்தே நேராக வரும் விளைவு அது. இதைத் தவிர்க்கத் துப்பாக்கியில் தூரமானி வைத்து அளவைத் தானாகக் குறைக்கலாம். அப்போது வேறொரு பிழை வரும். 20 மீட்டரில் இருப்பவரைக் குறிபார்த்து அளவு ஏறிய அந்த நொடியில், 2 மீட்டரில் ஒரு குழந்தை குறுக்கே ஓடினால் என்ன ஆகும்?

நான்காவது வழி, அதாவது நினைவிழக்கச் செய்வது, கதைகளுக்கு மிகப் பிடித்தது. உண்மையில் அதுவே மிகக் கடினம். அறுவை சிகிச்சையில் மயக்க மருந்து கொடுக்கும்போது நோயாளியின் எடை, வயது, இதயம், பழைய நோய்கள் எல்லாவற்றையும் பார்த்து அளவு வைத்து, மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் விழிப்புடன் கவனிக்கத் தனியாக ஒரு நிபுணர் இருக்கிறார். எல்லோருக்கும் ஒரே அளவு என்றால் என்ன நடக்கும் என்பதற்கு 2002-ல் மாஸ்கோவின் துப்ரோவ்கா அரங்கம் சாட்சி. பணயக்கைதிகளை மீட்க ஃபென்டனில் என்ற வலிமையான வலிநீக்கி மருந்தின் வகையைச் சேர்ந்த மயக்கப்பொருளை உள்ளே செலுத்தினார்கள். கடத்தல்காரர்கள் மயங்கினார்கள். கூடவே சுமார் 130 பணயக்கைதிகள் இறந்தார்கள், பெரும்பாலோர் அந்தப் பொருளின் விளைவாலும் மூச்சடைத்தும். மயக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் உள்ள இடைவெளி ஆளுக்கு ஆள் மாறுகிறது. 45 கிலோ எடையுள்ளவரைக் கொல்லாத அளவு 110 கிலோ எடையுள்ளவரை மயக்காமலேயே போகலாம்.

மின்சாரத்தால் மூளையை நேரடியாகத் தாக்கினால் வருவது தூக்கம் அல்ல, வலிப்பு. மனநல மருத்துவத்தில் பயன்படும் மின்னதிர்வு சிகிச்சையில் தலையில் 0.8 ஆம்பியர் அளவில் மிகக் குறுகிய துடிப்புகளைச் செலுத்தி, திட்டமிட்டே ஒரு வலிப்பை உண்டாக்குகிறார்கள். உடல் அடிபடாமல் இருக்க அதற்கு முன்பே மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் கொடுக்கிறார்கள். எழுந்தபின் சிறிது நேரம் குழப்பமும் நினைவுத் தடுமாற்றமும் இருக்கும். உங்கள் ஸ்டன் கதிர் மூளையை நிறுத்துகிறது என்று எழுதினால், விழுந்தவர் துடிக்க வேண்டும், நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும், எழுந்ததும் தான் எங்கிருக்கிறோம் என்று தெரியாமல் விழிக்க வேண்டும். உடனே எழுந்து சரமாரியாக வசனம் பேசினால் அது மூளையைத் தொட்ட கதிர் இல்லை.

கதைகளில் நடப்பதை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். ஸ்டார் ட்ரெக்கின் முதல் முன்னோட்ட அத்தியாயத்தில் கையில் இருந்தது லேசர். பிறகு அதை ஃபேஸர் என்று மாற்றினார்கள். லேசரால் இதெல்லாம் முடியாது என்று பார்ப்பவர்கள் கேட்பார்கள் என்ற யோசனைதான் காரணம். நல்ல முடிவு அது. ஒளியால் மட்டும் ஆளை உறங்கவைக்க முடியாது, கற்பனையான ஒரு கதிருக்கு அந்த இடையூறு இல்லை. 1991-ல் வெளியான அதன் தொழில்நுட்பக் கையேட்டில் ஃபேஸருக்கு 16 நிலைகள். முதல் மூன்றும் ஸ்டன்: ஐந்து நிமிடம், பதினைந்து நிமிடம், ஒரு மணி நேரம் வரை நினைவிழப்பு. பதினாறாவது நிலை ஒரே வெடிப்பில் 650 கன மீட்டர் பாறையைப் பெயர்த்துவிடும். ஒரு மணி நேரக் கணக்குதான் இடிக்கிறது. தலையில் அடிபட்டு 30 நிமிடத்துக்கு மேல் நினைவில்லாமல் கிடந்தால் மருத்துவர்கள் அதை லேசான காயம் என்ற வகையிலிருந்தே எடுத்துவிடுகிறார்கள். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு ஆள் தலையைத் தடவிக்கொண்டு எழ வேண்டுமானால், அந்தக் கதிர் அடிபட்ட மயக்கத்தைக் கொடுக்காமல் உறக்கத்தைப் போன்ற ஒன்றைத் தூண்டுகிறது என்று வைத்துக்கொள்வதே ஒரே வழி. 1968-ல் வந்த ஓர் அத்தியாயத்தில் விண்கப்பலின் பெரிய ஃபேஸரையே ஸ்டன்னில் வைத்து நகரத்தின் ஒரு பகுதியில் நிற்பவர்களையெல்லாம் ஒரே நேரத்தில் விழவைப்பார்கள். அந்தத் தெருவில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள், மாடிப்படியில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பது என்னை உறுத்தும்.

ஸ்டார்கேட் தொடரில் வரும் ஸாட் ஆயுதம் வேறு விதம். முதல் அடியில் மயக்கம், இரண்டாவதில் மரணம், மூன்றாவதில் உடலே மறைந்துவிடும். குமிழே இல்லை, எண்ணிக்கைதான் நிலை. மூன்றாவது அடியைப் பிறகு தொடரே சத்தமில்லாமல் கைவிட்டது. எனக்கு இந்த யோசனை பிடிக்கும், ஏனென்றால் உடலில் சேரும் அளவு கூடிக்கொண்டே போகும் என்பது மருந்துகளுக்கும் கதிர்வீச்சுக்கும் உண்மையாகப் பொருந்துகிறது. ஆனால் அப்படி வைத்தால் ஒன்றை முடிவு செய்தே ஆக வேண்டும்: முதல் அடியின் எச்சம் உடலில் எவ்வளவு நேரம் தங்கும்? ஒரு நிமிடமா, ஒரு நாளா? காலையில் ஒருவர் சுட்டது தெரியாமல் மாலையில் நண்பர் ஒருவர் 'மயங்கவைக்க' சுட்டால் அது கொலை. சண்டையின் குழப்பத்தில் இரண்டு பேர் ஒரே ஆளை ஒரே நொடியில் சுட்டாலும் அதேதான். ஸைக்கோ-பாஸ் என்ற 2012-ன் ஜப்பானிய அனிமேவில் நிலையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே சுடுபவரிடம் இல்லை. எதிரே நிற்பவரின் குற்ற அளவெண் 100-க்குக் கீழே என்றால் துப்பாக்கி பூட்டிக்கொள்ளும், 100-ஐத் தாண்டினால் முடக்கும், 300-ஐத் தாண்டினால் கொல்லும். ஸ்விட்ச் யார் கையில் என்ற கேள்வியை இவ்வளவு நேராக வைத்த வேறொன்றை நான் பார்த்ததில்லை.

அந்த ஸ்விட்சுக்கு வருவோம். ஒரே துப்பாக்கியில் இரண்டு நிலை என்பதன் மிகப் பெரிய ஆபத்து இயற்பியலில் இல்லை, கையில் இருக்கிறது. 2009-ல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்திலும் 2021-ல் மின்னசோட்டாவிலும் காவலர்கள் சுட்டதில் இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். டேசர் என்று நினைத்துத்தான் கைத்துப்பாக்கியைச் சுட்டோம் என்று இரண்டு வழக்கிலும் காவலர்கள் சொன்னார்கள். நிறமும் எடையும் வேறாக இருந்து, இடுப்பில் வேறு பக்கத்தில் செருகியிருந்தும் பதற்றத்தில் கை மாறிவிடும் என்றால், கட்டைவிரலால் தள்ளும் ஒரு சின்னப் பொத்தானை நம்பி உயிரை ஒப்படைப்பது எவ்வளவு பெரிய துணிச்சல்!

ஆகவே நல்ல வடிவமைப்பு எப்படி இருக்க வேண்டும்? உறையிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் துப்பாக்கி ஸ்டன்னிலேயே தொடங்க வேண்டும், கடைசியாக எந்த நிலையில் வைத்தார்கள் என்பதை நினைவில் வைத்திருக்கக் கூடாது. கொல்லும் நிலைக்குப் போக இரண்டு தனித்தனி அசைவுகள் வேண்டும், அவற்றில் ஒன்றாவது மற்ற கையால் செய்ய வேண்டியதாக இருந்தால் நல்லது. நிலையை விளக்கின் நிறம் மட்டும் சொன்னால் சிவப்பு பச்சை பிரித்தறியாதவருக்கும், வெயிலில் நிற்பவருக்கும் பயனில்லை. பிடியின் வடிவமே மாறினால் கையுறை போட்ட கைக்கும் தெரியும். எதிரே நிற்பவருக்கும் தெரிய வேண்டும், அப்போதுதான் எச்சரிக்கைக்கு அர்த்தம் உண்டு. 1977-ன் முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில் இளவரசியை மயக்கும் கதிர் நீல வளையங்களாகவும், கொல்லும் கதிர் கோடாகவும் தெரியும். பார்ப்பவருக்கு ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை.

உள்ளே, மயக்கத்துக்கும் கொல்வதற்கும் ஒரே மின்தேக்கி கூடாது. மயக்கும் பக்கத்து மின்தேக்கி 20 ஜூலுக்கு மேல் கொள்ளவே முடியாத அளவில் இருக்க வேண்டும். மென்பொருள் பிழைத்தாலும் கம்பி உருகினாலும் அதிலிருந்து 20 ஜூலுக்கு மேல் வர வழியிருக்காது. பழுதானால் துப்பாக்கி அணைய வேண்டும், மேல் நிலைக்குத் தாவக் கூடாது. மலிவான நகல் துப்பாக்கிகள், கள்ளச் சந்தைப் பொருள்கள், அவசரத்தில் பாகம் மாற்றியவை எல்லாம் தவறுவது இந்த இடத்தில்தான். பேட்டரி இறங்கினால் என்ன ஆகும் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மின்துடிப்பு பலவீனமாகி நீண்டுபோனால், மேலே சொன்ன 0.1 மில்லிவினாடிப் பாதுகாப்பு போய்விடும். அப்போது பேட்டரி தீர்ந்த ஸ்டன் துப்பாக்கி, நிறைந்த துப்பாக்கியைவிட ஆபத்தானதாகிறது.

சுட்ட பிறகு நடப்பதைப் பெரும்பாலான கதைகள் தாண்டிப் போய்விடுகின்றன. 1.7 மீட்டர் உயரமுள்ளவர் கைகளை ஊன்றாமல் கட்டையாகச் சாய்ந்தால், தலை தரையைத் தொடும் வேகம் நொடிக்கு 6 முதல் 7 மீட்டர், மணிக்கு 20 முதல் 25 கிலோமீட்டர். கடினமான தரையில் மண்டை உடைய இது போதும். கதிர் கொல்லாவிட்டாலும் தரை கொல்லும். மல்லாந்து நினைவிழந்து கிடப்பவரின் நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை அடைக்கலாம், வாந்தி உள்ளே போகலாம். மயங்கவைத்த குழுவில் ஒருவராவது விழுந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து மூச்சைப் பார்க்க வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர், கர்ப்பிணி, போதையில் இருப்பவர், ஓடிக் களைத்தவர் எல்லோருக்கும் ஆபத்து கூடுதல். இதை ஒரே ஒரு வரியில் காட்டினாலும், அந்தக் குழு பயிற்சி பெற்றது என்பது வாசகருக்குப் புரிந்துவிடும். தண்ணீருக்குள் நிற்பவரை, ஏணியில் இருப்பவரை, வண்டி ஓட்டுபவரை ஸ்டன் செய்வது கொல்வதற்குச் சமம் என்று அந்தக் குழுவின் விதிப்புத்தகத்திலேயே இருக்கும்.

இவ்வளவையும் சேர்த்து ஒரு மாதிரி ஆயுதம் செய்து பார்க்கிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு விண்நிலையத்தின் காவலர் துப்பாக்கி. மேல்குழலில் இரட்டைப் புற ஊதாக் கதிரும் மின்துடிப்பும். அதுதான் ஸ்டன்: 0.1 மில்லிவினாடித் துடிப்புகள், நொடிக்கு 20, மொத்தம் 5 நொடி, 2 மீட்டர் முதல் 15 மீட்டர் வரை வேலை செய்யும். தசைகள் இறுகும், நினைவு போகாது, வலி கடுமையாக இருக்கும், 5 நொடி முடிந்ததும் ஆள் எழுந்துவிடலாம், அதற்குள் கைவிலங்கு மாட்டியாக வேண்டும். கீழ்க்குழலில் தனி மின்தேக்கியோடு கொல்லும் லேசர். மேலிருந்து கீழுக்கு மாற இடது கையால் ஒரு தகட்டைப் பின்னுக்கு இழுத்துத் திருக வேண்டும், மின்தேக்கி ஏற ஒன்றரை நொடி. ஒரே ஆள்மீது மூன்றாவது ஸ்டன்னைத் துப்பாக்கி 30 நொடிக்கு மறுக்கும். ஒவ்வொரு சூடும் நேரம், தூரம், நிலை ஆகியவற்றோடு பதிவாகும். தீயணைப்புப் புகையிலும் தெளிப்பான் நீரிலும் ஸ்டன் தவறும்.

இனி நனைந்த தடித்த கோட்டோடு ஒருவன் ஓடிவருகிறான். ஒரு கதிர் தோள்மீதும் இன்னொன்று கோட்டின் தொங்கும் ஓரத்திலும் படுகிறது. சுற்று முழுமையாகவில்லை, அவனுக்குச் சுருக்கென்று ஒரு குத்தல் மட்டும். காவலர் தகட்டை இழுக்கத் தொடங்குகிறார். நொடிக்கு 5 மீட்டர் ஓடுபவன் அந்த ஒன்றரை நொடியில் ஏழரை மீட்டரைக் கடந்துவிடுவான். ஸ்டன் தவறியது கண்ணில் பட்டு, கை அசைவதற்கு இன்னும் ஒரு நொடி சேர்த்தால் பன்னிரண்டரை மீட்டர் ஆகிறது. அந்த நிலையத்தில் பயிற்சி பெற்ற காவலர் யாரையும் பன்னிரண்டரை மீட்டருக்குள் நெருங்கவிட்டு நிற்கமாட்டார். அதைவிட அகலம் குறைந்த அறை என்றால் தனியாக உள்ளே போகமாட்டார். ஒருவர் ஸ்டன்னில், பின்னால் நிற்பவர் தகட்டை இழுத்துத் தயாராக என்று இரண்டு பேராகத்தான் போவார்கள்.